இரண்டு போகம், ஐம்பத்திரண்டு கிழமை

குடும்பக் கடனை அடைப்பது பற்றிச் சொல்லப்படும் புத்திமதிகளில் பெரும்பாலானவை மாதச் சம்பளக்காரருக்கானவை. வருமானத்தில் பத்திலொரு பங்கை முதலில் எடுத்து வை, மாதச் செலவைப் பட்டியலிடு, அடுத்த மாதம் அதைக் குறை என்று அவை சொல்லும். பணம் மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பதை அவை கேட்காமலே எடுத்துக்கொள்கின்றன. இலங்கையின் கிழக்கே மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நீளும் முஸ்லிம் ஊர்களிலும் மாதச் சம்பளம் வாங்குவோர் இருக்கிறார்கள்: ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியசாலை ஊழியர், வங்கிக்காரர். அவர்களைத் தாண்டினால் பணத்தின் வரவு வேறு கணக்கில் ஓடுகிறது. ஐப்பசி மழையோடு விதைக்கும் பெரும்போகம் தை, மாசியில்தான் காசாகும். சிறுபோகம் ஆவணி வாக்கில். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கரைவலைக்காரனுக்கு வேலையில்லை. மருதமுனைத் தறிகாரனுக்குப் பெருநாள் நெருங்கினால் ஓய்வில்லை, மற்ற நாட்களில் நூலுக்கே கடன். கட்டாருக்கும் சவூதிக்கும் போன பிள்ளை அனுப்பும் காசு வரும்போது வரும். இந்தக் கரையின் கடன் பிரச்சினையை ஊதாரித்தனத்தின் விளைவாகப் பார்ப்பது பிழை என்றும், வட்டியின் விளைவாக மட்டும் பார்ப்பது பாதி உண்மை என்றும் நினைக்கிறேன். பணம் வரும் காலமும் அது போக வேண்டிய காலமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்பதே இங்கு முதற் காரணம். ஆகவே நல்ல பழக்கம் என்பதும் இங்கே செலவைச் சுருக்குவதில் தொடங்க முடியாது. தவணையின் நாளைக் கைக்குள் கொண்டுவருவதில்தான் அது தொடங்க வேண்டும்.

கிழமைக் கடன் இந்தக் கரைக்கு வெளியிலிருந்து வந்தது. பங்களாதேஷில் 1983இல் வங்கியாக நிறுவப்பட்ட கிராமீன், பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கி, கிழமைதோறும் சிறுதொகை திருப்பிக் கட்டும் முறையை உலகத்துக்கே மாதிரியாக்கியது. அன்றாடம் பால், முட்டை, சில்லறைச் சாமான் விற்றுக் காசு பார்க்கும் பெண்ணுக்கு அந்த முறை பொருந்தியிருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது இந்தக் கரை அடங்கிய அம்பாறை மாவட்டம். அதன் பின் நிவாரணத்தோடு சிறுகடன் திட்டங்களும் வந்தன. 2009இல் யுத்தம் முடிந்ததும் வடக்கு கிழக்கு முழுவதும் கடன் நிறுவனங்கள் பெருகின. வந்த முறை அப்படியே வந்தது. வயற்காரனின் மனைவிக்கும் மீனவனின் மனைவிக்கும் அடுத்த கிழமையிலிருந்தே தவணை. கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 50,000 ரூபாய்க் கடன், வருடத்துக்கு 24 வீத நேர்வட்டி, 52 கிழமைத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய். முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழு 50,000க்கும் கணக்கிடப்படுவதால் உண்மையான வட்டி ஏறத்தாழ 44 வீதம். கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு 24 என்றுதான் சொல்லப்படும். ஆனால் வட்டி வீதத்தை விட்டுவிட்டு 1,192 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். கார்த்திகை மாதத்தில், வயல் பச்சையாக நிற்கும்போது, கடல் மூடிக் கிடக்கும்போது, அந்த 1,192 எங்கிருந்து வரும்? வேறொரு கடனிலிருந்துதான் வரும். பக்கத்து வீட்டுக் கைமாற்று, கடைக் கொப்பியில் ஏறும் அரிசியும் பருப்பும், அதுவும் போதாதபோது இரண்டாவது நிறுவனத்தின் குழு. ஒரு வீட்டில் நான்கு கடன் இருப்பதைக் கேட்டு ஊதாரிகள் என்று தலையாட்டுவோர் உண்டு. அந்த நான்கில் மூன்று, முதற் கடனின் தவணை நாளைச் சமாளிக்க வாங்கியவையாக இருக்கும்.

அறுவடை வந்ததும் இந்தப் பொருத்தமின்மை முடிந்துவிடுவதுமில்லை, விலையில் வந்து அடிக்கிறது. 2025 பெரும்போகத்துக்கு அரசாங்கம் நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று உத்தரவாத விலை அறிவித்தது பெப்ரவரித் தொடக்கத்தில். கிழக்கில் அறுவடை அதற்கு முன்பே தொடங்கிவிடும். நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் குறைந்த, காய்ந்த நெல்லைத்தான் எடுக்கும். காயவைக்கக் களம் வேண்டும், சில நாள் பொறுமை வேண்டும். உரக்கடைக்காரனும் வெட்டு மெஷின்காரனும் கிழமைக் கடன் உத்தியோகத்தரும் ஒரே நாளில் வாசலில் நிற்கும்போது அந்தப் பொறுமை யாருக்கு வாய்க்கும்? வரம்பிலேயே ஈர நெல்லாக வியாபாரியிடம் போகிறது. சில கிழமை கழித்து அதே நெல் கூடிய விலைக்கு விற்கப்படும்போது விளைவித்தவன் கையில் ஒரு மூடையும் இருக்காது. இந்த வித்தியாசம் எந்தக் கடன் பத்திரத்திலும் வட்டியாகப் பதிவாவதில்லை. அவசரத் தவணைக்குக் கொடுத்த உண்மையான விலையில் ஒரு பெரும்பங்கு இதுதான்.

வட்டிதான் குற்றவாளி, காலத்தைப் பற்றிப் பேசி அதை மறைக்காதீர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். அவர் கையில் வலுவான சான்றுகள் உண்டு. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் குறித்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி 2018 செப்டம்பரில் இலங்கை வந்து, வடக்கு கிழக்குப் பெண்களைச் சந்தித்து, சிறுகடன் வட்டி 220 வீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நிலுவைச் சிறுகடன்களை இரத்துச் செய்யும் திட்டத்தை அறிவித்தார். மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு வைத்தது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. இவ்வளவுக்கும் பிறகு, 2021 மார்ச் மாதம் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஏன்? பதிவில்லாமல் கடன் கொடுப்போரை உச்சவரம்பு தொடவில்லை என்பது ஒரு காரணம். வட்டியைக் குறைத்தும் தவணையின் அடிப்படை மாறவில்லை என்பது அதைவிட ஆழமான காரணம். 35 வீதமென்றாலும் கார்த்திகையில் கட்டச் சொன்னால் கட்ட முடியாதவள் கட்ட முடியாதவளே. இன்னொரு கடன் வாங்குவாள். இரத்துச் செய்த கடனின் இடத்தில் புதுக் கடன் வந்து உட்காரும். வட்டிக்கு எதிரான போராட்டம் நியாயமானது, தொடரவும் வேண்டும். ஆனால் அது வென்றாலும் மிஞ்சும் ஒரு பகுதி இருக்கிறது, அந்தப் பகுதிதான் குடும்பத்தின் கைக்கு எட்டக்கூடியது.

கிழமைத் தவணையை நியாயப்படுத்துவோர் ஒழுங்கைச் சொல்வார்கள்: ஏழைக் குடும்பத்தின் கையில் ஆறு மாதம் காசு நின்றால் செலவாகிவிடும், கிழமைக்குக் கிழமை பிடுங்கினால்தான் கட்டுவார்கள் என்று. கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலியோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கிழமைக்குப் பதில் மாதத் தவணை கொடுத்தபோது கட்டாமல் விடுவோர் கூடவில்லை, கட்டுவோரின் மனக்கவலை மட்டும் கணிசமாகக் குறைந்தது. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், முதற் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்து பிற்காலத்தில் அதிக இலாபம் கண்டார்கள். கூடவே கட்டத் தவறியவர்களும் அவர்களில் அதிகம். இந்தப் பின்பாதியை மறைக்கக்கூடாது. நெகிழ்வுக்கு ஒரு விலை உண்டு, கடன் கொடுப்பவர் அதை அஞ்சுவதும் அர்த்தமில்லாததல்ல. ஆனால் ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்ற முற்கோள் மட்டும் நிற்காது. நிற்காது என்பதற்குக் கொல்கத்தா வரை போகவும் வேண்டியதில்லை. இந்த ஊர்களில் சீட்டுப் பிடிக்காத ஒழுங்கை எது? இருபது பெண்கள், மாதம் ஆளுக்கு ஐயாயிரம், முறைவைத்து ஒரு இலட்சம். பத்திரம் இல்லை, பிணை இல்லை, வட்டி இல்லை. தாய்ச்சீட்டுக்காரியின் சொல்லும் ஊரின் கண்ணும்தான் உத்தரவாதம். அபூர்வமாகச் சிலர் ஏமாற்றுகிறார்கள், ஊரே அதை வருடக்கணக்கில் பேசுகிறது. பேசுவதற்குக் காரணம் அது அபூர்வம் என்பதுதான். முறை யாருக்கு எப்போது என்பதில் சீட்டு காட்டும் இளக்கத்தையும் கவனிக்க வேண்டும். விதைப்புக்குக் காசு வேண்டியவள் கேட்டால் முன்முறையை விட்டுக்கொடுக்கிறார்கள். கடன் நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து வடிவமைக்காத ஒன்றை வாசல் திண்ணையில் பேசி முடித்துவிடுகிறார்கள்.

தங்கமும் அப்படித்தான். பொருளியல் படித்தவர்கள் நகையை முடங்கிய பணம் என்பார்கள். போகத்தை நம்பியிருக்கும் வீட்டில் அடகு நகை, தவணை நாளில்லாத ஒரே கடன். விதைப்பில் வைத்து அறுவடையில் மீட்கலாம், வருடத்துக்குள் எந்த நாளிலும் கட்டலாம். வட்டியைப் பற்றிய மார்க்கக் கேள்வி அங்கேயும் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. காலப் பொருத்தத்தைத்தான் சொல்கிறேன். அதன் ஆபத்து வேறு வகையானது. 2022க்குப் பின் பவுன் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது, அடகிலிருந்த அதே காப்பின் மேல் மேலதிகப் பணம் எடுக்க முடிந்தது. மீட்க வேண்டிய அறுவடைக் காலத்தில் மீட்காமல் கூட்டி எடுப்பது பழக்கமானால், நகை தன் கால ஒழுங்கை இழந்து மற்றக் கடன்களைப் போலாகிவிடுகிறது. விலை இறங்கும் ஒரு வருடம் வந்தால் ஏலத்தில் போகும்.

எல்லாக் கடனுக்கும் அடியில் இருக்கும் கடனைப் பற்றி இங்குள்ள பொருளாதாரக் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை. அது மகளின் வீடு. கிழக்கு முஸ்லிம்களிடையே குடி தாய்வழி. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பது வழமை. அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொண்ட இந்தச் சீதன வீட்டு முறையை விரிவாக எழுதியிருக்கிறார். மகளுக்கு ஒரு வீடு, இரண்டாம் மகளுக்கு இன்னொன்று. தங்கள் வீட்டையே விட்டுக்கொடுத்து வளவின் ஓரத்தில் சிறு குசினி போட்டு ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோரும் உண்டு. வயலுக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிக் கிடக்கும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் ஐந்து பேர்ச்சஸ் காணிக்கே கொடுக்க வேண்டிய விலையைக் கேட்டால் கொழும்புக்காரனும் யோசிப்பான். இது வீண் செலவு, ஒழிக்க வேண்டிய வழக்கம் என்று சொல்வது எளிது. மிம்பர்களிலும் கட்டுரைகளிலும் சொல்லியாகிவிட்டது. அந்த வாதத்தோடு பாதி உடன்படுகிறேன். மஹர் கொடுக்க வேண்டியவன் வீடு வாங்கிக்கொள்வதன் முரண்பாட்டை யாரும் விளக்க முடியாது. ஆனால் மறுபக்கம் ஒன்றிருக்கிறது. தலாக் வந்தாலும் கணவன் இறந்தாலும் இந்தக் கரையின் பெண் தெருவுக்கு வருவதில்லை. வீடு அவளுடையது, தாயும் சகோதரிகளும் அதே வளவில். தெற்காசியாவின் பல பகுதிகளில் விதவைக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஒழித்துவிட்டு அதன் இடத்தில் எதை வைப்பது என்பதற்கு விடை சொல்லாத சீர்திருத்தவாதியைப் பெண்கள் நம்பாதது அவர்களின் அறியாமையல்ல.

வீட்டை விட்டுவிட்டு வீட்டுக் கடனின் காலத்தைப் பாருங்கள். மகள் பிறந்த அன்றே தெரிந்த செலவு இது. இருபது வருட அவகாசம் உள்ள செலவு உலகில் வேறெதுவும் சுலபமாகக் கிடைக்காது. அத்திவாரம் ஒரு போகத்தில், சுவர் இன்னொரு போகத்தில், கூரை சவூதிக் காசில் என்று வருடக்கணக்காக எழும்பும் வீடுகளைப் பார்த்துச் சிரிப்போர் உண்டு. அதைவிடப் புத்திசாலித்தனமான கட்டுமானத் திட்டம் போக வருமானக்காரனுக்கு இல்லை. கெடுவது கடைசி ஆறு மாதத்தில். சம்பந்தம் பேசி முடிந்ததும் மாபிளும் சீலிங்கும் மேல்மாடியும் ஒரே மூச்சில் வேண்டும் என்றாகிறது. அதுவரை கடனில்லாமல் எழுந்த வீடு அப்போதுதான் லீசிங்கிலும் கிழமைக் கடனிலும் போய் விழுகிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை அங்கீகரித்திருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கொடுத்த காசை மனைவி காதி நீதிமன்றத்தில் திரும்பக் கோரலாம். அந்தக் காசுக்காகவும் மாபிளுக்காகவும் வாப்பா வாங்கிய கடன் யாருடையது என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அது வாப்பாவோடு போகிறது, அவர் மௌத்தானால் இளைய மகள்களின் முறையைத் தின்கிறது. மூத்தவளின் சீலிங்குக்கு இளையவள் விலை கொடுப்பது எந்த வீட்டிலும் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. நிக்காஹ் நாளைக் குறிக்கும்போது கட்டுவேலை எந்தப் போகத்தில் முடியும் என்பதையும் சேர்த்துப் பேசுவது, ஒரு போகம் தள்ளி வைக்க மாப்பிள்ளை வீட்டார் இணங்குவது, ஆடம்பரத்தைக் கண்டிக்கும் ஐம்பது பயான்களைவிடக் கடனைக் குறைக்கும்.

இஸ்லாமிய வங்கி வந்துவிட்டதே, இனியென்ன என்ற வாதமும் உண்டு. 2005இல் வங்கிச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் வழி திறந்தது. 2011 ஓகஸ்டில் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாக இயங்கத் தொடங்கியது. வேறு நிதி நிறுவனங்களும் தனிப் பிரிவுகள் திறந்தன. தாமதத்தின் மேல் வட்டி குட்டி போடாது என்பது பெரிய நிம்மதி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வங்கி பொருளை வாங்கி இலாபம் சேர்த்து விற்கும் முறாபஹாவில் வாங்கிய உழவு இயந்திரத்துக்கும் மாதத் தவணைதான் வழக்கம். ஹலாலான பணம், சம்பளக்காரனின் நாட்காட்டி. இத்தனைக்கும் பயிரை நம்பியவனுக்கென்றே மார்க்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. மதீனாவின் பேரீச்சை விவசாயிகளிடையே வழங்கிய ஸலம் வியாபாரம்: விலையை முழுவதும் முன்னதாகக் கொடுத்து, அளவும் தவணையும் குறித்து, அறுவடையில் விளைச்சலைப் பெறுவது. மில்காரர் விதைப்புக்கு முன்பணம் கொடுத்துக் களத்தில் நெல்லை அள்ளும் இங்குள்ள வழக்கம் வடிவத்தில் அதற்கு நெருங்கியதுதான். விலையில் மட்டும் நெருங்கவில்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதுவது பற்றியது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வசனம் தவணையைக் குறித்து எழுதச் சொல்வதையும், வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவரே என்பதையும், அதற்கு இரண்டு வசனம் முன்னால் கஷ்டத்திலிருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதையும் சேர்த்து வாசிப்பவர் குறைவு. கிழமைக் கடன் பத்திரத்தில் கடனாளி சொல்லி எழுதிய வரி ஒன்றாவது இருக்கிறதா?

இந்த வாதத்துக்கு ஒரு எல்லை உண்டு. 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது பொருந்தாமற் போனது காலமல்ல, விளைச்சலே விழுந்தது. 2022 ஏப்ரலில் நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் எடுத்த கணிப்பில் 60.5 வீதமான குடும்பங்களின் வருமானம் குறைந்திருந்தது, 91 வீதமானவற்றின் செலவு கூடியிருந்தது. வருடத்தின் மொத்த வரவே சோற்றுக்குப் போதாத வீட்டில் தவணையை எந்த மாதத்துக்கு நகர்த்தினாலும் ஒன்றுதான். அவர்களுக்குத் தேவை கடனல்ல, ஸகாத். கடனில் மூழ்கியோர் ஸகாத் பெறும் எட்டு வகையினரில் ஒரு வகையினர். ஊர்ப் பைத்துஸ் ஸகாத் நிதியங்கள் தையல் மெஷினும் ஓட்டோவும் கொடுப்பதை நிழற்படம் எடுக்கலாம், ஒருத்தியின் கிழமைக் கடனை முழுவதுமாகக் கட்டி முடிப்பதை நிழற்படம் எடுக்க முடியாது. அந்த வேறுபாடு பங்கீட்டைப் பாதிக்கக்கூடாது.

ஏனைய வீடுகளுக்கு, போதாமை இல்லாமல் பொருந்தாமை மட்டும் இருக்கும் வீடுகளுக்கு, வேண்டியது ஒரு கொப்பியும் கணவன் மனைவி ஒன்றாக இருக்கும் ஒரு இரவும். அவர் அறியாத சீட்டும், அவள் அறியாத லீசிங்கும் ஒரே தாளில் வரவேண்டும். மானத்துக்கு அஞ்சி மறைப்பதால்தான் மூன்றாவது கடன் பிறக்கிறது. பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, எந்த மாதம் காசு வரும், எந்த மாதம் போகும் என்று நிரப்பினால் கார்த்திகையும் மார்கழியும் எப்படிப் பள்ளமாகக் கிடக்கின்றன என்பது தெரிந்துவிடும். அறுவடைக் காசில் முதலில் அடைபட வேண்டியது கிழமைக் கடன், தொகையில் சிறியதாக இருந்தாலும். மச்சானின் கைமாற்று கடைசியில், ஆனால் நாள் சொல்லி. அந்தப் பள்ளத்துக்கென்று சில மூடை நெல் விற்காமல் நிற்க வேண்டும். புதுக் கடன் வாங்க நேர்ந்தால் வட்டியைக் கேட்கும் முன் தவணை நாளைக் கேட்க வேண்டும். கேட்டால் மாற்றுவார்களா என்றால், ஒருத்தி கேட்டால் மாற்ற மாட்டார்கள். இருபது பேர் கொண்ட குழு, சீட்டில் முறை மாற்றிப் பழகிய அதே இருபது பேர், சேர்ந்து கேட்டால் உத்தியோகத்தர் மேலிடத்துக்கு எழுதத்தான் வேண்டும்.

பெருநாள் செலவையும் அந்தத் தாளில் ஏற்ற வேண்டும், அது நிலையாக ஒரு மாதத்தில் நிற்பதில்லை. சந்திர வருடம் பதினொரு நாள் குறைந்தது என்பதால் நோன்புப் பெருநாள் வருடந்தோறும் முன்னகர்கிறது. 2025இலும் 2026இலும் அது மார்ச்சில், நெல் விற்ற கையோடு வருகிறது. புதுத்துணியும் ஃபித்ராவும் பெரிய பாரமில்லை. 2032இல் ஜனவரி நடுப்பகுதியில் வரும், 2033இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும் டிசம்பரில் மறுமுறையும். கதிர் முற்றாத, கடல் திறக்காத நாட்கள் அவை. அந்தப் பெருநாட்களுக்கான சீட்டு, அதற்கு முந்திய சிறுபோக அறுவடையிலேயே தொடங்கியாக வேண்டும்.